தாய்ப்பத்திரம்

மாலை ஆறரைக்கு
இந்திரா காந்தி சிலைச் சந்திப்பில் பச்சை விழும்போது
கென்டக்கியில் கோர்ட்டுக் கதவுகள் திறக்கின்றன.
மூன்றாம் மாடி, ஏசிக் குளிர்,
கழுத்தில் அட்டை மாட்டிய அஞ்சலாட்சி நான்.
பார்த்திராத ஊர்களுக்கு வில்லங்கம் பார்ப்பவள்.

அந்த மாநிலத்தில் நூற்றிருபது கவுண்டி.
ஒரு காலத்தில் மூன்றே மூன்றுதானாம்.
உலை தனித்தனியாய்க் கொதிக்கத் தொடங்கிய
கூட்டுக் குடும்பம் போல
பிரிந்தது, பிரிந்ததும் பிரிந்தது.
காலையில் குதிரை ஏறும் விவசாயி
கோர்ட்டு வேலை முடித்துப் பொழுது சாய வீடு திரும்பணும்,
அந்தத் தூரம்தான் ஒரு கவுண்டி என்று சொல்வார்களாம்.
டீம் லீடர் லூர்துநாதன் சொன்னார்.
"நொண்டிக் குதிரைக்காரன் எந்தக் கவுண்டி சார்?"
என்றாள் குமுதவல்லி.
அவர் சிரிக்கவில்லை.
இன்றைக்குப் பதினாலு ஃபைல்.

எனக்கு இது புதிதில்லை.
அப்பாவின் பழைய ரேஷன் கார்டில் தென்னாற்காடு.
நான் பிறந்த வருஷம் விழுப்புரம் தனியாய்ப் போனது.
என் மகன் பிறந்த வருஷம்
விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி.
ரெட்டிச்சாவடிக்கு உள்ளே எங்கள் வீடு
ஒரு முழம்கூட நகரவில்லை.

பாண்டிச்சேரியோ
கைதவறி விழுந்த பீங்கான் தட்டு.
ஒரு சில்லு எங்கள் வரப்போரம் கிடக்கிறது:
நெல் தமிழ்நாட்டில், கிணறு புதுச்சேரியில்.
புயலுக்குக் கடலூர் கலெக்டர் லீவு விட்டால்
என் மகன் தூங்குவான்,
வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை
குடையோடு பஸ்ஸுக்கு நிற்கும்.

பதினோராவது ஃபைல்.
அறுபத்திரண்டு ஏக்கர், புகையிலை போட்ட மண்.
"ஓடைக்கரை வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி
வடக்கே நாற்பது கோல்,
அங்கே ஒரு கல், பிறகு ஹிக்கரி மரம்..."
மரங்கள் எப்போதோ விறகாகியிருக்கும்.
நிலம் இன்னமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.
அதற்கு முந்தின பத்திரம் இந்தக் கவுண்டியில் இல்லை,
இது பிரிந்து வந்த தாய்க் கவுண்டியில் தேடணும்.
தேடினேன்.
தாய்க் கவுண்டியின் கோர்ட்டு எரிந்துபோயிருந்தது.
மிஞ்சியவற்றில் ஒரு பக்கம், 1831,
கரையான் நடந்தது போல் எழுத்து:

விற்றவனின் மனைவி ரேச்சல்
கணவனை விட்டுத் தனியே அழைக்கப்பட்டாள்.
பத்திரம் அவளுக்குப் படித்துக் காட்டப்பட்டது.
மிரட்டலோ வற்புறுத்தலோ இல்லை,
தன் மனசாலேயே பாத்தியத்தை விடுவதாகச் சொன்னாள்.
கீழே ஒரு பெருக்கல் குறி.

ஸ்க்ரீனைப் பெரிதாக்கினேன்.
குறியின் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை.
பேனா நின்று, யோசித்து, இறங்கியிருக்கிறது.
இல்லையென்றால் மை தீர்ந்திருக்கலாம்.

நாளைக்கு எனக்கு இரண்டு விடுதலைப் பத்திரம்.
வயலுக்குக் கடலூர், கிணற்றுக்குப் பாகூர்.
அண்ணன் ஸ்டாம்ப் பேப்பர் வாங்கிவிட்டான்,
டோக்கன் போட்டுவிட்டான்,
எனக்கு ஒரு புடவையும் எடுத்துவிட்டான்.
"சும்மா ஒரு கையெழுத்துதானே" என்றாள் அண்ணி,
மீன் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றியபடி.
யாரும் என்னைத் தனியே அழைக்கவில்லை.

குமுதவல்லி காபி நீட்டினாள்.
"என்னடி, ஃபைல் முடியலையா?"
குறிப்புக் கட்டத்தில் அடித்தேன்:
முன்பத்திரம் தீயில் அழிந்தது.
மனைவியின் உரிமை விடுவிப்பு உள்ளது.
உண்மையா என்று எழுத அங்கே கட்டம் இல்லை.

மூன்றரைக்கு வேன்.
தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில்,
விளக்கணைந்த பிராந்திக் கடைகள்.
முள்ளோடை தாண்டியதும் டார்ச் வெளிச்சம் மடியில் விழுந்தது.
"பையில் என்னம்மா, பாட்டிலா?"
டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினேன்.
காய்ந்த சாதம் நாலு பருக்கை.
"போங்க."

வேன் கிளம்பியதும் அண்ணனுக்கு அடித்தேன்:
பாகூருக்கு வர்றேன், கிணறு உனக்குத்தான்.
கடலூருக்கு வரலை.
வயலைப் பத்தி
நீயும் அண்ணியும் இல்லாத இடத்துல
யாராவது என்னைக் கேக்கட்டும்.

இரண்டு டிக் விழுந்தது.
இன்னும் நீலமாகவில்லை.