பச்சைத் துணி

எருத்தேம்பதிக்கு இந்தப் பக்கம் மண் கறுப்பு.
கேரளம் என்றால் செம்மண், ரப்பர்த் தோட்டம் என்று
நினைத்துக்கொண்டு வந்து இறங்கியவன் நான்.
முதல் நாளே
இடது பூட்ஸைக் கழற்றி வைத்துக்கொண்டது.

மேலே ஒரு முழம் கரிசல்.
அதன் அடியில் சுக்கான்கல் விரவிய வெளிர்மஞ்சள்,
நாக்கில் வைத்தால் ஆப்பச் சோடா.
டீ குடிக்கும் டம்ளரில் தண்ணீர் ஊற்றி
அதில் ஒரு கட்டியைப் போட்டு மயிலாத்தாளுக்குக் காட்டினேன்.
அசைக்காமலே கரைந்தது,
பாலாய்ப் புகைந்தது, தெளியவே இல்லை.
"இதைக் காட்டத்தான் படிச்சீங்களா சார்?" என்றாள்.
டம்ளரை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன்.

மேல்மண் தனியே, அடிமண் தனியே;
எடுத்த வரிசையைத் திருப்பி மூட வேண்டும்.
விதிப் புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கம்.
லக்கிந்தரிடம் அந்தப் பக்கம் இல்லை,
பொக்லைனும் ஒரு நாளைக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கும்தான்.
அவளிடமும் இல்லை.
பச்சைச் சேலை ஒன்றைக் கிழித்துப்
பருத்திமாரில் கட்டிக்
கரிசல் குவியலின் நாலு மூலையிலும் நட்டாள்.
"பச்சையக் கடைசியாப் போடச் சொல்லுங்க.
சுக்காங்கல்லு மேல வந்துச்சுனா
உங்களுக்குக் கேஸ் வரும்,
எனக்குக் கடலை வராதுங்க."

துலாவர்ஷம் பிடித்தது.
ஈரக் கரிசலில் வண்டி இறக்காதே என்று
மூன்று நாள் நிறுத்தினேன்.
கோயமுத்தூரிலிருந்து நாளுக்கு ஆறு போன்.
நாலாம் நாள்
வேலந்தாவளத்தில் இரண்டு பரோட்டா தின்று திரும்புவதற்குள்
இருநூறு மீட்டர் மூடியாகிவிட்டது.

எது முதலில் போனது என்று கேட்டேன்.
லக்கிந்தர் மழையைக் காட்டினான்.
பச்சைத் துணியின் முனை ஒன்று
மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
எவ்வளவு ஆழத்திலிருந்து என்று இழுத்துப் பார்த்தேன்.
துணிதான் கிழிந்தது.

மேல்மண் முறைப்படி மீட்டமைக்கப்பட்டது.
கையெழுத்து என்னுடையது.
ஜிப்சம் நாற்பது மூட்டை கேட்டு எழுதினேன்,
பதினெட்டு வந்தது.
அதில் மூன்று நனைந்து கல்லாகியிருந்தது.

மாசியில் கடலை முளைத்தது,
குழாய் போன வழியைத் தவிர.
காட்டின் நடுவே வெள்ளை வகிடு,
மதகு வரை நேர்கோடு.
எங்கள் வரைபடம்கூட
அத்தனை சுத்தமாக இல்லை.

மயிலாத்தாள் கேம்ப் ஆபீசுக்கு வந்தாள்.
சண்டை போடுவாள் என்று
நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.
"மறந்துட்டுப் போயிட்டீங்க" என்று
டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

தண்ணீர் நிறைய இருந்தது.
ஷட்டரை இறக்கும் வரை
தெளியவில்லை.