பிக்கப் தேவகோட்டை, டிராப் பள்ளத்தூர்

டிரிப் ஷீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது.

பையன் முன்சீட்டில் ஏறிக்கொண்டான். பன்னிரண்டு வயது.
பின்னால் இரண்டு பெட்டி, ஒரு கேரம் போர்டு.
சீப்புச் சீடை டப்பாவை மட்டும்
அவன் ஆத்தா டிக்கியில் வைக்க விடவில்லை,
கையில் கொடுத்து, மூடியை இன்னொரு தடவை அழுத்தினார்கள்.
தையிலேயே கோயில் மாலை வந்து எல்லாம் முடிந்துவிட்டதாம்.
பரீட்சைக்காகத்தான் இதுவரை இங்கே இருந்தானாம்.

"அண்ணே, பிக் அப்-புக்கு ஏழு அர்த்தம் எழுதணும்.
புது ஸ்கூல்ல லீவுக்கே ஹோம்வொர்க்.
நாலுதான் இருக்கு."

நான் பத்தாவது ஃபெயில்.
ஆனால் பத்தொன்பது வருஷமாக
அந்த ஒரு வார்த்தையில்தான் சோறு.

வண்டிக்குப் பிக்கப் போய்விட்டது,
ஏற்றத்தில் உறுமுகிறது பார் என்றேன். எழுதினான்.
முதலாளி போன் அடித்தார். ஓட்டும்போது எடுப்பதில்லை.
"அது ஏற்கனவே இருக்கு" என்றான்.
முகூர்த்த மாசம் வந்தால் பிசினஸ் பிக்கப் ஆகும் என்றேன்.
எழுதினான்.
பஸ் ஸ்டாண்டுப் பொடியன்கள் சொல்லும் அர்த்தம் ஒன்று உண்டு,
சொல்லாமல் விட்டேன்.
"அதுவும் இருக்கு" என்று
ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

கழனிவாசல் நெரிசல். பிறகு கோட்டையூர்.
அங்கேதான் கேட்டான்:
"பிள்ளை கூட்டுறதுக்கு இதைப் போடலாமா?"

கூட்டு.
விடிகாலை ரயிலுக்குப் போய் ஆள் கூட்டி வருகிறேன்.
கணக்கிலும் கூட்டுகிறார்கள்.
பள்ளத்தூரில் பிள்ளை கூட்டியிருக்கிறார்கள்.
தேவகோட்டையில் அதற்கே வேறு சொல்:
பிள்ளை விட்டிருக்கிறார்கள்.
ஸ்கூலில் விடுகிற மாதிரி. ஸ்டேஷனில் விடுகிற மாதிரி.
கையை விடுகிற
கியரை மாற்றினேன்.

"போட்டுப் பாரேன், மார்க் வந்தாலும் வரும்."

"வராதுண்ணே. அதுக்கு அடாப்ட்.
ஒரே வார்த்தை.
அப் கிடையாது, டவுன் கிடையாது,
பின்னால எதுவும் ஒட்டாது."

அவனைப் பார்த்துக்கொண்டே
வேகத்தடையைப் பார்க்கவில்லை.
டப்பா எகிறியது. மூடி ஒரு பக்கம், சீடை எல்லாப் பக்கம்.
வண்டியை ஓரங்கட்டினேன்.
குனிந்து மிதியடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்,
மண்ணை ஊதினான்,
ஒன்றையும் தின்னவில்லை, ஒன்றையும் எறியவில்லை.
மூடியை அழுத்திவிட்டு நோட்டை எடுத்தான்.
"ஏழு" என்றான்.
"இதைத்தான் முதல்ல எழுதியிருக்கணும்."

பள்ளத்தூர் வீட்டில் இரண்டு கதவும் திறந்திருந்தன.
கார் நிற்கும் முன்பே ஒருவர்
செருப்பில்லாமல் ஓடி வந்து அவன் பக்கக் கதவைத் திறந்தார்.
அவரை என்னவென்று கூப்பிடுவது என்று
பையன் ஒரு நொடி வாயைத் திறந்து, மூடினான்.

இருபத்தொன்பது கிலோமீட்டர். கையெழுத்து வாங்கினேன்.
ரிட்டர்ன் என்ற கட்டத்தில் வழக்கமாகக் கோடு போடுவேன்.

சாயங்காலம் வண்டியைக் கூட்டும்போது
சீட்டுக்கடியில் இன்னொரு சீடை கிடந்தது.