இரண்டாவது பதிவேடு

மாதத்தில் இரண்டு நாள் எங்களை எண்ணுவார்கள்.
வேப்பமரத்தடியில் மேசை, மேசைமேல் பதிவேடு,
அதன்மேல் காற்றுக்குப் பயந்து ஒரு கல்.
பெயர் வாசித்தால் "இருக்கிறன்" என்று சொல்லவேண்டும்.
ஐந்து வயதிலிருந்து சொல்கிறோம்.
தூக்கத்தில் கூப்பிட்டாலும் வாய் அதைத்தான் சொல்லும்.

அன்று டிலானி சொல்லவில்லை.
இரண்டு தரம் வாசித்தார்கள்.
பிறகு பேனை ஒரு சிவப்புச் சுழி போட்டது.
அந்த மாதப் பணக்கொடையில் அவள் பங்கு கழிந்தது.
பதிவேட்டின்படி
நடந்தது அவ்வளவே.

நடந்தது:
ஆம்பூர்ப் பக்கம் சப்பாத்துக் கம்பெனி,
விடுதி, மூன்று வேளைச் சோறு,
முன்பணம் தாயின் கையில்.
கொண்டுபோக வந்தவள் எங்கட கதைதான் கதைத்தாள்.
"ஓம் பிள்ளை, பயப்பிடாதை" என்றாள்.
முப்பது வருசம் வேலூர்த் தமிழுக்குள் கிடந்த எங்களுக்கு
அந்த ஒரு "ஓம்" போதுமாயிருந்தது.

வேன் ஆம்பூருக்குப் போகவில்லை.
பதினாலு மாதம் கழித்து ஒரு போன் வந்தது,
இந்தி பேசுகிற ஏதோ தெருவிலிருந்து,
நாற்பது விநாடி.
அவள் சொன்னதை இங்கே எழுதமாட்டேன்.
அது அவளுடையது.

பஸ் ஸ்டாண்டுக் கடையில்
நூறு பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன்.

எந்த வண்டி, என்ன நம்பர், யார் கூப்பிட்டது,
கம்பெனிக்குப் போன் போட்டு விசாரித்தது யார்.
குளிக்கிற இடத்துப் பல்பு எரியாத இரவுகள்.
அந்த இரவுகளில் யாருக்கு யார் துணை போனது.
சுவருக்குப் பின்னால் பீடி நெருப்பு, இரண்டு.
"வீட்டுக்குள்ள நடக்கிறதை எழுதாதை" என்றார்கள்.
எழுதினேன்:
பதினாலாம் வீடு, சனி, சம்பள நாள்.
சத்துவாச்சாரி பங்களாவுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு
வீடு திரும்பிய கை.
சிவமலரின் கழுத்தில்
இளநீலம், விரல் விரலாய்.

என் மனுசன் கேட்டார், "நீ என்ன கியூ பிராஞ்சோ?"
நான் சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

ஐப்பசி மழை. விடிய மூன்று மணி.
ஜெனிஸ்ராவின் பாய் விரிக்காமலே கிடக்கிறது.
ஆறு மணிக்குமேல் வாசல் தாண்டக்கூடாது.
நாலு பெண்கள் தாண்டினோம்.
"இன்னாக்கா, இந்நேரத்துல?" என்ற ஆட்டோ நயாஸ்
எங்கள் முகத்தைப் பார்த்தபின் வாடகை பேசவில்லை.
பாலாற்றில் அன்றைக்குத் தண்ணீர் ஓடியதாம்.
பாலத்தில் போன நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

காட்பாடி, இரண்டாம் நடைமேடை.
பெஞ்சின் நடுவில் அவள். புதுப் பை, புதுச் செருப்பு.
இந்தப் பக்கம் அந்த "ஓம்",
அந்தப் பக்கம் போனைத் தடவிக்கொண்டு ஒருத்தன்.
கூச்சல் போட்டால் "அக்கா மகள்" என்பாள்.
இல்லையென்று காட்ட
எங்களிடம் என்ன சீட்டு இருக்கிறது?
கொப்பியைத் திறந்தேன்.
ரோல்கால் எடுக்கிறவரின் குரலில்,
தகப்பன் பெயரோடு, வீட்டு எண்ணோடு வாசித்தேன்:
"அந்தோனிப்பிள்ளை ஜெனிஸ்ரா, முப்பத்தெட்டு!"

எழும்பி நின்றுவிட்டாள்.

"இருக்கிறன்."

நடைமேடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
ரயில்வே போலீஸ்காரி ஒருத்தி
டீக்கிளாசைக் கீழே வைத்தாள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில்
பல்புக்காக எட்டாவது மனு கொடுத்தோம்.
ரசீதைக் கொப்பியில் ஒட்டியிருக்கிறேன்.
முதல் பக்கத்தில் டிலானி.
சுழி எதுவும் போடவில்லை.

அந்தச் செருப்பைத் தூக்கி எறி என்கிறாள் தாய்.
ஜெனிஸ்ரா எறியவுமில்லை, போடவுமில்லை.
நேற்றுப் பின்னேரம் வந்து என் பக்கத்தில் குந்தினாள்.
கனநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு கேட்டாள்:
"அச்சொட்டாப் பொருந்துது அன்ரி.
என்ர கால் அளவை அவவுக்கு ஆர் சொன்னது?"

எழுதிக்கொண்டேன்.
முகாமில் நூற்று நாற்பது வீடு.