மூன்றாவது கண்ணி

ஊதுகுழலில் முதலில் பழக வேண்டியது
ஊதுவது இல்லை,
ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சிழுப்பது.
கன்னத்தில் காற்று தீரக்கூடாது.
தீர்ந்தால் பொடி பாதியில் உறைந்துவிடும்.
எனக்கு அது வர எட்டு மாதம் ஆனது.
அதற்குள் தாத்தா என்னை
மாடு என்றார், பேத்தை மீன் என்றார்,
பாம்பன் ரோட்டில் லாரி டயருக்குக்
காற்றடிக்கப் போ என்றார்.

முப்பத்தொரு வயதில் வந்தவள் நான்.
ஒரு சூட்கேசும் ஒரு வக்கீல் நோட்டீசுமாக.
வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் என்று
குமுட்டி முன்னால் உட்கார்ந்தேன்.

தனியாகச் செய்த முதல் உருப்படி
இன்னாசிக்கு அரணாக்கொடி.
கம்பி அச்சில் இழுக்கும்போதே இரண்டு தரம் அறுந்தது.
கொக்கியிலிருந்து மூன்றாவது கண்ணியில்
பொடி கூடிப்போய்
நொய்யரிசி மாதிரி திரண்டு நின்றது.
அரம் போட்டுத் தேய்க்கப்போய்
பக்கத்துக் கம்பியில் பள்ளம் விழுந்தது.
தாத்தா கட்டைவிரலால் தடவினார்.
புளித்தண்ணியில் போடு,
பூந்திக்கொட்டையில் தேய், குடுத்துவிடு என்றார்.
"கடலுக்குள்ள எவன் குனிஞ்சு பார்க்கப் போறான்."

இன்னாசி கைலிக்கு மேலேயே கட்டிப் பார்த்து
"நல்லாருக்கு பத்தரே" என்றான்.
என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.
நானும் வாயைத் திறக்கவில்லை.

வாடை கிளம்பிய மூன்றாம் நாள்
வடகடலில் ஒரு நாட்டுப்படகு திரும்பவில்லை.
நாலு பேர்.
பதினோராம் நாள்
ஆற்றங்கரைப் பக்கம் ஒருவர் ஒதுங்கினார்.
முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.
இடுப்பில் வெள்ளி இருக்கிறது,
தங்கச்சிமடத்துப் பத்தரைக் கூப்பிடு என்றார்களாம்.

ஸ்டேஷனில் நாலு வீட்டுச் சனமும் நின்றது.
செங்கோல், இடுப்பில் பிள்ளையோடு.
இன்னொரு வீட்டுக் கிழவர், செருப்பைக் கையில் பிடித்தபடி.
மேசையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.
உப்பில் வெள்ளி கறுத்துக் கிடந்தது.
தாத்தா அதை எடுத்து
செபமாலை உருட்டுகிற மாதிரி
ஒவ்வொரு கண்ணியாக விரலில் ஓட்டினார்.
ஓரிடத்தில் விரல் நின்றது போலத்தான் இருந்தது.
பிறகும் ஓடியது.
"என் கை இல்லை" என்றார்.

அது பொய்யில்லை.

செங்கோல் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.
அவ்வளவு நீளமான மூச்சை
நான் குழலில் ஒருநாளும் ஊதியதில்லை.
பிள்ளையை இறக்கிவிட்டாள்.
தண்ணி இருக்கா என்று யாரிடமோ கேட்டாள்.
கிழவர் சுவரோடு சாய்ந்து
மெதுவாகக் கீழே உட்கார்ந்தார்.

நான் கவரைக் கையில் வாங்கினேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதைத் தொடும் முன்பே தெரிந்தது.
"என் கை" என்றேன்.
சத்தம் வரவில்லை.
இன்னொரு தரம் சொன்னேன்.

பேனாவை மூடப் போன ரைட்டர்
திரும்பத் திறந்து, "பேரு?" என்றார்.
யார் பேரைக் கேட்கிறார் என்று தெரியாமல்
என் பேரைச் சொன்னேன்.

சித்திரையில் செங்கோல் கடைக்கு வந்தாள்.
மூத்தவன் இடுப்புக்கு ஆக வேண்டும்,
அளவுக்கு ஒரு வலைநூல்.
மிச்சத்துக்குக் காசு.
நன்றாகத் தேய்த்திருந்தாள், சாம்பல் போட்டு.
அந்தக் கண்ணியைப் பற்றி அவள் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
கொக்கி இல்லாத பக்கமாகப் பதினாறு கண்ணி வெட்டினேன்.
தாத்தா தராசில் போட்டு
அன்றைய விலையைச் சொன்னார்.
சேதாரம் கழிக்கவில்லை.
பெற்ற மகளுக்கே கழிக்கிறவர்.
செங்கோல் ரூபாயை இரண்டு தரம் எண்ணி
சாயந்தரம் வருகிறேன் என்று போனாள்.

வெட்டின முனையில் வளையம் வைத்து ஒட்ட வேண்டும்.
வெங்காரம் தடவி, பொடி வைத்து,
குழலைக் கையில் பிடித்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.
தாத்தா ரோட்டைப் பார்த்தபடியே சொல்கிறார்:
"கரி அணையுது. ஊது."