கேட்டல் பயிற்சி, பகுதி ஒன்று

கீழே பெயின்ற் கடை.
மேலே, தகரக் கூரைக்கடியில்,
கல்லடியின் சர்வதேசப் பள்ளி:
வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஆயத்த வகுப்பு,
காலை எட்டிலிருந்து இரண்டரை வரை.

கார்த்திகை மழை கொட்டுகிறது.
ஒலிப்பெட்டிக்குள்ளும் மழைதான்.
லீட்ஸ் நகரத்தில் யாரோ ஒருவர்
குடையை மடக்கிவிட்டு
ரயில் சீட்டுக் கேட்கிறார்.
எந்த மழை யாருடையது என்று பிரிக்க முடியாமல்
பன்னிரண்டு பேர்
காதைக் கையால் குவித்துக் குனிந்திருக்கிறார்கள்.

இரண்டாம் முறை போடுவது விதிக்குப் புறம்பு.
போட்டேன்.

எத்தனையாம் மேடை? நான்கு.
தண்டவாளமே முடிந்துபோகிற ஊர்ப் பிள்ளைகள்
எல்லாரும் சரியாக எழுதினார்கள்.
ஐந்தாம் கேள்வியில்தான் யதுர்ஷா சறுக்கினாள்.
அவர் வாங்கியது, போக மட்டும்.
அவள் எழுதியது, போய்வர.

சிவப்புப் பேனையால் கீறினேன்.
"அப்ப அவர் திரும்பி வாறல்லையா, மிஸ்?"

அது பாடத்தில் இல்லை என்றேன்.
நேற்று அவளுடைய அப்பா
செருப்பைப் படியில் கழற்றிவிட்டு வந்து
தவணைப் பணத்தை மூன்றாய்ப் பிரித்துத் தரலாமா என்று
கேட்டுவிட்டுப் போனார்.
நான் இரண்டு தரம் வீசா மறுக்கப்பட்டவள்.
லீட்ஸ்காரரின் குரல் எனக்கு மனப்பாடம்,
அவர் இருமுகிற இடம் உட்பட.

வான் ஹோர்ன் அடிக்கிறது.
பைகளைத் தலைக்குமேல் பிடித்தபடி ஓடுகிறார்கள்.
விடைத்தாளில், சிவப்புக் கோட்டுக்குக் கீழே,
பேனையை அழுத்தி
மறுபடியும் போய்வர என்றே எழுதியிருக்கிறாள்.
அதற்குப் புள்ளி கிடையாது.

ஒலிப்பெட்டியை நிறுத்த மறந்துவிட்டேன்.
பகுதி இரண்டு தொடங்கிவிட்டது:
ஒரு பெண்
வாடகைக்கு அறை தேடுகிறாள்.