பன்னிரண்டில் பதினொன்று

பீட்டர்மாரிட்ஸ்பர்க், மூன்றாம் மாடி.
கெட்டில் கொதித்து அடங்கும் வரைதான்
கூட்டத்தில் அமைதி.
புள்ளியியல் துறைக்கு ஒரு கையேடு வேண்டும்,
ஒரு பதாகை, இருநூறு பேனா.
போன வருஷம் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர்.
இந்த வருஷமும் ஒன்பதென்றால்
கணிதத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவார்களாம் எங்களை,
கொத்தமல்லிக் கட்டில் செருகிய கறிவேப்பிலை மாதிரி.

விளம்பரப் பிரிவின் டாரின்
மாதிரியைச் சுவரில் போட்டுக் காட்டினாள்.
அட்டையில் ஒரு பெண் சிரிக்கிறாள்,
கண்ணாடிப் பலகையில் எதையோ சுட்டுகிறாள்.
எங்கள் மாணவி இல்லை அவள்,
எந்த ஊர் மாணவியும் இல்லை.
அவள் வரைந்த மணிவளைவுக்கு இரண்டு உச்சி.
"ஒட்டகம்" என்றார் லுங்கிசானி.
யாரும் சிரிக்கவில்லை.

கீழே, கொட்டை எழுத்தில்:
எங்கள் பட்டதாரிகளில்
நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் வேலையில்.

"நூறு பேர் எங்கே?" என்றார் துறைத்தலைவர் தாண்டேகா.
பதில் போட்டவர்கள் பன்னிரண்டு பேர்,
வேலையில் இருப்பவர்கள் பதினொருவர்.
"அப்படியானால் பொய் இல்லையே" என்றாள் டாரின்.
பொய் இல்லை.
அதுதான் உறுத்தியது.
முதலாண்டு வகுப்பில், மூன்றாம் வாரம்,
இப்படி ஒரு வாக்கியத்தைத்தான் பலகையில் எழுதி
இதில் என்ன கோளாறு என்று கேட்பேன்,
பத்து மதிப்பெண்ணுக்கு.

பட்டம் வாங்கியது முப்பத்தொரு பேர்.
மிச்சம் பத்தொன்பது பேர் வாய் திறக்கவில்லை.
வாய் திறக்காதவனை
வேலையற்றவன் என்று எழுத முடியாது,
வேலையில் இருக்கிறான் என்றும் முடியாது.
அடிக்குறிப்பாகப் போட்டுவிடலாம் என்றாள் டாரின்,
எறும்பு படிக்கிற அளவில்.
அதற்குள் நான்கு மணி மின்வெட்டு.
சிரித்துக்கொண்டிருந்தவள் சுவரில் அணைந்தாள்.

அன்று ராத்திரி, மெழுகுவத்தி வெளிச்சத்தில்,
பழைய பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு
ஒவ்வொரு எண்ணாக அழுத்தினேன்.
மூன்று ராத்திரி.
நோம்வுலா கெபெர்காவில் காப்பீட்டுக் கம்பெனியில்.
ஒருத்தி, கைக்குழந்தை அழ அழ,
"வேலைன்னா சம்பளம் வர்றதா, டாக்?" என்றாள்.
ஓர் எண்ணை எடுத்தது ஒரு இறைச்சிக்கடை.
தேசிகன் மூட்லி நார்த்டேலில்
அப்பாவின் கடையில் பன்னி சவ் விற்கிறான்,
பாதி ரொட்டியைக் குடைந்து
ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றி.
"மழைநாளில எத்தனை ரொட்டி மிஞ்சும்னு
நீங்க சொல்லிக்கொடுத்த பாய்சான் கணக்குலதான் பார்க்கிறேன்.
மாசம் நாலு ரொட்டிதான் குப்பைக்கு."
இவனுக்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?
அடிக்காமல், பசியோடு, போனை வைத்தேன்.

தேறியது பன்னிரண்டு பேர்.
ஏழு பேர் அகப்படவில்லை,
எண் மாறியிருக்கும், அல்லது ஊர், அல்லது
நான் கேட்க விரும்பாத வேறெதுவோ.

கையேடு இப்படி அச்சானது:
முப்பத்தொரு பேரில் இருபத்துநாலு பேரைக் கண்டுபிடித்தோம்.
பதினெட்டுப் பேர் வேலையில்.
நான்கு பேர் தேடுகிறார்கள்.
ஒருவர் கைக்குழந்தையோடு.
ஒருவர் ரொட்டி எண்ணுகிறார்.
ஏழு பேரைப் பற்றி எங்களுக்குத் தெரியாது.

டாரின் தலையில் கைவைத்தாள்.
அந்த ஒட்டகத்தையாவது விட்டுவையுங்கள் என்றாள்.

அறிமுக நாளன்று மழை.
பதாகை நனைந்து சுருண்டது.
பேனாக்கள் இன்னும் டர்பன் துறைமுகத்தில்.
பக்கத்து மேசையில் உளவியல் துறை
பலூனும் மிட்டாயும் தந்தது, வரிசை வாசல் வரை.
எங்களிடம் வந்தவர்கள் பதினான்கு பேர்
எண்ணினோம், வேறென்ன செய்வோம்
அதில் ஆறு பேர் கழிவறைக்கு வழி கேட்டவர்கள்.

கடைசியாக ஒரு பையன், பள்ளிச் சீருடை, ஈர சாக்ஸ்.
நின்றபடியே கையேட்டைப் படித்தான், திருப்பினான்,
மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தான்.
"அந்த ஏழு பேர்" என்றான்,
"அவங்க எல்லாருமே வேலை இல்லாதவங்களா இருந்தா
இந்தக் கணக்கு எவ்வளவு மாறும்?"

லுங்கிசானி பேசாமல்
காலால் ஒரு நாற்காலியை நகர்த்தினார்.
நான் சட்டைப்பையைத் தடவினேன்.
பேனா இல்லை.