கேட் போட்ட நேரம்

எட்டு பத்துக்குக் கேட் விழும்.
விழுந்தால் எழ இருபது நிமிடம்,
சில நாள் கூட்ஸ் வண்டி பாதியில் நின்று
யோசிக்கும்.
கொருக்குப்பேட்டைக்கு வாழ வந்த நாளிலிருந்து
எட்வினைத் திட்டியதைவிட
இந்தக் கேட்டைத் திட்டியதுதான் அதிகம்.

ஸ்கூட்டியின் முன்னால் நிற்கிறான் ரூபன்.
நான்கு வயது,
முதுகை மூடிக் கீழே வழியும் பை.
பின்னால் ஷேர் ஆட்டோ, மீன்கூடை,
சிலிண்டர் வண்டி, எல்லோர் கையிலும் ஹாரன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
அவன் என் உயிர்தான்.
ஆனால் அவனோடு விளையாட எனக்குப் பிடிக்காது.
சோப்பு டப்பா பஸ்ஸைக்
கட்டில் விளிம்பில் ஓட்டிவந்து
"மகாராணி ஸ்டாப்பு எறங்கு" என்று
பதினேழாவது முறை அவன் கூவும்போது
பதினேழாவது முறையாக இறங்கியிருப்பேன்,
தலையணைக்கடியில் செல்லைப் பார்த்தபடி.
பெற்றவளுக்குச் சலிக்குமா என்பார்கள்.
சலிக்கும்.
இரண்டு பருக்கைக்கு ஒரு கதை கேட்டால்
யாருக்கும் சலிக்கும்.
அதை வெளியே சொல்லக்கூடாது என்பதுதான்
அதைவிடக் களைப்பு.

அந்தச் செவ்வாய்க்கிழமை
ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை.
செல் செத்துக் கிடந்தது.
கேட் போட்டாயிற்று.
பார்க்க வேறு எதுவும் இல்லாததால்
அவன் பார்ப்பதைப் பார்த்தேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, ஏழு…"
பத்துக்கு மேல் அவனுக்குத் தெரிந்த எண்
பதினாறு மட்டும்தான்.
பதினாறு, பதினாறு, பதினாறு என்று
மீதி ரயில் மொத்தமும் கடந்துபோனது.
"இதுல அரிசி. இதுல யானை.
இதுல அப்பா தூங்குறாரு."
கறுப்பாய்ச் சொட்டிக்கொண்டு
எண்ணெய் டேங்கர் ஒன்று எதிரே வந்து நின்றது.
"தோ பாரும்மா, அதுக்கு மூக்கு ஒழுவுது.
யாருமே தொடைச்சு வுடல."

சிரித்துவிட்டேன்,
சிலிண்டர்காரர் ஹாரனை விட்டுவிட்டுத்
திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.
இத்தனை நாளாய் இவன்
டிக்கெட் இல்லாமல் படம் பார்த்திருக்கிறான்.
நான் பக்கத்து சீட்டில்
மணி பார்த்திருக்கிறேன்.

ஒன்றும் தலைகீழாய் மாறிவிடவில்லை.
நேற்றுகூடக் கத்தினேன்,
லாரித் தண்ணீர் பிடித்து வைத்த டிரம்முக்குள்
என் வலது செருப்பைக் கப்பல் விட்டதற்கு.
கத்தி முடித்து எட்டிப் பார்த்தால்
நிஜமாகவே மிதந்துகொண்டிருந்தது,
துறைமுகம் இருக்கிற பக்கமாய்
லேசாகச் சாய்ந்து.

அன்றிரவு பஸ் வந்தது.
"கண்டக்டர், சில்லறை இல்லையே" என்றேன்.
இப்படி ஒரு பயணியை அவன் கண்டதில்லை.
திகைத்து நின்றான், யோசித்தான்,
"அப்ப நடந்து போ" என்றான்.
கெஞ்சி, மிரட்டி, ஒரு முத்தம் லஞ்சம் கொடுத்து
பதினெட்டாவது முறை
நானாகவே ஏறினேன்.

எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் வரிசையிலிருந்து
எட்வின் கூப்பிடுவான்.
"லைன் நகரல. புள்ள இன்னா பண்றான்?"
முன்பெல்லாம் ஒரே பதில்: தூங்கிட்டான்.
இப்போது சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆகிறது.
இன்ஜின் சத்தத்துக்கு நடுவே
அவன் சிரிப்பது கேட்கிறது.
அப்புறம் கொஞ்ச நேரம்
இன்ஜின் மட்டும் கேட்கிறது.

இன்று எட்டு பத்து.
கேட் திறந்திருந்தது.
ரூபனின் முதுகு சுருங்கியதை
ஹேண்டில்பாரில் உணர்ந்தேன்.
தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கும்போது
இரண்டு பக்கமும் பார்த்தேன்.
பத்திரத்துக்காக அல்ல.
தாண்டியதும் ஓரங்கட்டி நிறுத்தினேன்.
"அஞ்சு நிமிஷம். வருதான்னு பாப்போம்."
கடைக்கு லேட்டாகும். முதலாளி
மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அவனுக்கு மூக்கு ஒழுகியது.
துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டேன்.
தண்டவாளம் ரெண்டும் காலியாய்க் கிடக்க,
ஒன்றுமே வராத திசையில் விரலை நீட்டி
அவன் எண்ணத் தொடங்கினான்.
ஒண்ணு, ரெண்டு, மூணு, ஏழு…
பதினாறு, என்றேன் நான்.